பதிவேட்டில் ஆறு மணி

பத்து காஜா ஊருக்கு வெளியே, ரப்பர் பால் எடுத்த பழைய கித்தாத் தோட்டத்து ஆர்மீனியத் தேவாலயத்தை மக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, அனுமதி இலவசம். கலாதேவி ஈப்போவிலிருந்து கிராப் கார் பிடித்து வந்து இறங்கியது சுற்றிப் பார்க்கவா? அதெல்லாம் வேலைவெட்டி இல்லாதவர்களுக்கு! தேவாலய மதிலுக்குப் பின்னால் அவளுடைய மூத்த மகள் கிடக்கிறாள். முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் பிறந்து, இரண்டே நாள் இருந்தவள். அந்த இடத்தில் நாளைக் காலை தார் போட்டு, வருகிறவர்களின் கார்களை நிறுத்தப்போகிறார்களாம்.

கலாதேவி தேவாலயக் குழுவுக்குக் கடுதாசி எழுதிப் பார்த்தாள். "பின்புறம் கல்லறைகள் இருந்ததற்கு ஆதாரம் இல்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. ஆதாரமாம் ஆதாரம்! பெற்றவள் குத்துக்கல்லாட்டம் உயிரோடு நிற்கிறாள், அது போதாதாம். சரி, நேரில் போய் ஒரு கை பார்ப்போம் என்று கிளம்பிவிட்டாள்.

உள்ளே சுபேசன் எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். தேவாலயத்தைப் பராமரிக்கும் குழுவின் ஆள், சிலோன் குடும்பத்துப் பிள்ளை, நல்ல மரியாதைக்காரன்தான். தோட்டத்தை வைத்திருந்த ஆர்மீனியத் துரையின் பளிங்குக் கல்லறையைக் காட்டினான். ஜன்னல் கண்ணாடி எந்தக் கப்பலில் வந்தது என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருந்தது. கேட்கக் கேட்கக் கலாதேவிக்கு வயிறு எரிந்தது. துரைக்குப் பளிங்கு, அவள் பிள்ளைக்குத் தாரா?

"தம்பி, பின்னால கெடக்குற புள்ளைங்க கத எப்ப வரும்?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

"அக்கா, நீங்கதானா அந்தக் கடிதம் எழுதினது?" என்றான் சுபேசன் தணிந்த குரலில். "தோட்டத்துச் சாவுப் பதிவேட்டை நானே பார்த்தேன். இந்த இடத்தைப் பத்தி அதுல ஒண்ணும் இல்லை."

"காட்டுங்க, பாப்போம்."

மேசை மேல் இருந்த நகலை அவன் புரட்டினான். தோட்டத்துக் கணக்கெழுதிய கிராணி ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வைத்தது. சீனி என்ற பெயரில் விரல் நின்றது. சீனி, கலாதேவியின் புருஷன்.

"சீனி. பெண் குழந்தை, ரெண்டு நாள். புதைத்தது, ஆறு மணி. பாருங்க, நேரம் மட்டும்தான் இருக்கு. இடம் போடலை."

"ஆறு மணியா? யாரு சொன்னா? மண்டைய பொளக்குற மத்தியான வெயில் லா அது! பச்ச ஒடம்போட நானும் பின்னாலயே நடந்து வந்தேன். அடுத்தத படிங்க."

"ஐயாவு. ஆண் குழந்தை. ஆறு மணி." அதற்கடுத்தது நல்லம்மாளின் மகன், அதுவும் ஆறு மணி. பக்கத்தைத் திருப்பினான். அங்கேயும் ஆறு மணி.

"ஏன் தம்பி, எங்க புள்ளைங்க எல்லாம் கடிகாரம் பாத்தா மண்ணுக்குள்ள போச்சுங்க?"

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே பொறி தட்டிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட கெரகமே! ஆர்மீனியன்னு சொல்ல எங்க ஆளுங்களுக்கு நாக்கு பொரளாது தம்பி. ஆறுமணின்னுதான் சொல்லுவோம். இது ஆறுமணிக் கோயிலு, பின்னால ஆறுமணி மேடு. பொதச்சாச்சான்னு கேட்டிருப்பாரு கிராணி. ‘ஆச்சுங்க, ஆறுமணிங்க’ன்னிருப்பாரு என் புருசன். வெளியூருலேருந்து வந்த மனுசன், நேரம்னு நெனச்சு எழுதித் தொலச்சிட்டாரு!"

சுபேசன் பதிவேட்டை மறுபடி முதலிலிருந்து பார்த்தான்.

"எல்லாரும் இங்கதான் இருக்காங்க" என்றான். "மன்னிச்சிடுங்க அக்கா. அடுத்த கூட்டத்துல நானே எடுத்துப் பேசறேன்."

"எப்ப கூட்டம்?"

"அடுத்த மாசம்."

"தாரு நாளைக்கு லா!"

கலாதேவி அவனுக்காகக் காத்திருக்கவில்லை. விறுவிறுவென்று பின்பக்கம் போனாள். மேட்டைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டிய குச்சிகளை அடித்து வைத்திருந்தார்கள். முதல் குச்சியை ஆட்டிப் பிடுங்கி வீசினாள். அடுத்ததையும் பிடுங்கினாள். முன்பெல்லாம் துரை காரைக் கண்டாலே ஓரமாக ஒதுங்கி நின்றவள்தான். இப்போதும் பயமாகத்தான் இருந்தது. அதற்காக விட்டுவிடுவாளா?

காவலுக்கு நின்ற ஜாகாக்காரன் ஓடிவந்து, போலீஸைக் கூப்பிடப்போவதாகக் கத்தினான். பின்னாலேயே வந்த சுபேசன், "அக்கா, வேணாம். கேஸ் போட்டுருவாங்க" என்று கெஞ்சினான்.

கலாதேவி கடைசிக் குச்சியையும் எறிந்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, லாலான் புல்லின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையை மண்ணில் ஊன்றிக்கொண்டாள்.

"கூப்புடுங்க. நல்லா வெளங்குற மாதிரி சொல்லுங்க. தாரு ஊத்துறதா இருந்தா, ஆத்தா மேலயும் மவ மேலயும் சேத்தே ஊத்தச் சொல்லுங்க."