ஆறாயி என்ற சொல்

வெள்ளவத்தைச் சேலைக் கடைகளில் 'ஆறாயி' என்றால், இருக்கிற சேலை அத்தனையையும் விரிக்க வைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிற ஆள். "இண்டைக்கு மூண்டு ஆறாயி, மச்சான்" என்று பெருமூச்சு விடுவார்கள். எதிர்க்கடை ஷிஹான்கூட அப்படித்தான் சொல்வான். ஆறாயி என்று ஒரு மனுஷி இருப்பது, பாவம், அவனுக்குத் தெரியாது.

இருந்தாள். ஹற்றனிலிருந்து வேலைக்கு வந்த முதல் நாளே, அப்படி ஒருத்திக்குக் கடையையே விரித்துக் காட்டி ஏமாந்தாள். மூத்த விற்பனையாளன் ஹரிசன், வாய்க்கொழுப்புப் பிடித்தவன், அன்றே அவள் பெயரை அந்தச் சங்கதிக்கு வைத்துவிட்டான். அவள் முன்னாலேயே சொல்லிச் சிரிப்பான். அம்மா ஆசையாகக் கூப்பிட்ட பெயர்! இங்கே அது கேலிச் சொல்லாகிவிட்டது. இருடா, உனக்கும் ஒரு நாள் வரும் என்று கறுவிக்கொண்டே சேலை மடித்தாள்.

வந்தது. ஹரிசனின் வியாபாரமே ஒரு சத்தியத்தில்தான்: "கொழும்பிலயே இது ஒண்டுதான் மேடம், அம்மாவாணை." மயில்கழுத்து நிறப் பட்டு ஒன்றை அப்படிச் சொல்லி ஒரு மணப்பெண்ணின் தாய்க்கு விற்றான். அடுத்த கிழமை அதே மாதிரிச் சேலையை, அதே சத்தியத்தோடு, இன்னொருத்திக்குக் காட்டினான். அவள் மாப்பிள்ளையின் தாய். இருவர் சொன்ன மண்டபமும் நாளும் ஒன்றுதான் என்பது பக்கத்தில் நின்ற ஆறாயிக்கு விளங்கிவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்ல வேண்டும்? சிரித்த முகத்தோடு பையில் போட்டுக் கொடுத்தாள்.

கலியாணத்துக்கு மறுநாள் சம்பந்திகள் இருவரும் கடைக்குள் புகுந்து ஹரிசனைக் கிழிகிழியென்று கிழித்தார்கள். ஒரே சேலையில் நின்ற இருவரையும் பார்த்துச் சபையே சிரித்ததாம். அவர்கள் போனதும் ஆறாயி எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "பொய்ச் சத்தியம் பண்ணி மாட்டிக்கிட்டா, அதுக்குப் பேரு ஹரிசன்."

அவ்வளவுதான். கொஞ்ச நாளில் தெரு முழுக்க அந்தச் சொல். "ஹரிசன் அடிக்காதீங்க" என்று ஷிஹான் தன் கடைப் பையன்களை அதட்டினான். வெட்கம் தாங்காமல் ஹரிசன் நுகேகொடைக் கடை ஒன்றில் வேலை கேட்டுப் போனான். பெயரைச் சொன்னதும் அங்கே நின்ற பெட்டைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

திரும்பி வந்தவன் நேரே ஆறாயியிடம் போனான்.

"போதும், நிப்பாட்டு. அது என்ர அம்மா வச்ச பேர்."

"அம்மாவாணையாவா அண்ணே?" என்றாள் அவள். "எம்பேரும் எங்கம்மா வச்சதுதான்."

வாசலில் ஒரு குடும்பம் நுழைந்தது. ஆறாயி முதல் சேலையை உதறி விரித்தாள்.