பிளக்கை உருவியவள்

ரிப்பேர் கடையில் அந்த ஆசிலோஸ்கோப்புக்குப் பெயர் ‘கிழவர்’. மாமனார் தன் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. மின்னலைகளைத் திரையில் பச்சைக் கோடாக வரைந்து காட்டும் அந்தப் பெட்டி, இப்போது சுவிட்சைப் போட்டால் ‘டிக், டிக்’ என்று முனகுவதோடு சரி. திரை இருட்டு. உள்ளே மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை போய்விட்டது என்று எல்லோரும் முடிவுகட்டியாயிற்று.

மாமனாருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. “கிழவர யாரு எழுப்புறீங்களோ, என்னோட இந்த ஜன்னலோர நாற்காலி அவங்களுக்குத்தான்” என்று இரண்டு மருமகள்களிடமும் சொல்லிவிட்டார். மூத்தவளுக்குச் சுருக்கென்றது. வாழ வந்த நாளிலிருந்து சால்டரிங் புகையைக் குடித்துக் கடையைத் தாங்கியவள் அவள். அவளுக்கு வரவேண்டிய நாற்காலிக்குப் போட்டியா? அதுவும் நேற்று வந்த ஓரகத்தியோடு?

முதலில் மூத்தவள்தான் பெட்டியைப் பிரித்துப் பார்த்தாள். டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது, இனி வேலைக்காகாது என்று கைகழுவினாள். சின்னவள் விடவில்லை. சப்ளையில் இருந்த பழைய கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாக மாற்றினாள். ஒவ்வொன்றுக்கும் மாமனார், “கை எவ்வளவு சுத்தம் பாரு!” என்று அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். மூத்தவளின் கை மட்டும் அழுக்கா? இத்தனை வருஷத்தில் அவளுக்கு அப்படி ஒரு வார்த்தை வந்ததுண்டா? வயிறு எரிந்தது அவளுக்கு. நன்றாகவே எரிந்தது.

அன்று கடைசி கெப்பாசிட்டரையும் வைத்துவிட்டுச் சின்னவள் எழுந்தாள். “கை கழுவிட்டு வந்துடறேன் அக்கா. வந்து ஆன் பண்ணிப் பாக்கலாம்.” மாமனார் வாசலில் யாரோ வாடிக்கையாளரிடம் வாயாடிக்கொண்டிருந்தார்.

மூத்தவள் தெரிந்தேதான் செய்தாள். பெட்டிக்குள் கையை விட்டு, ஒயர்க் கட்டுக்கு அடியில் ஓரத்து போர்டுக்குப் போகும் பிளக்கை உருவிவிட்டாள். திரையில் கோட்டை இழுப்பது அந்த போர்டுதான். இனி சப்ளை சரியானாலும் கோடு வராது. மகாராணி தேடட்டும், தேடிக்கொண்டே இருக்கட்டும்!

சின்னவள் வந்து சுவிட்சைப் போட்டாள். டிக் சத்தமே இல்லை. முகப்பு விளக்கு நின்று எரிந்தது. திரை நடுவில் ஒரு பச்சைப் புள்ளி.

மாமனார் ஓடி வந்தார். “உயிர் வந்துடுச்சு! ஆனா கோட்டக் காணோமே?” பெட்டியை அணைத்துவிட்டு உள்ளே விரலால் தடவிக்கொண்டே போனவர், சட்டென்று சிரித்தார். “அட, பிளக்க உருவி விட்டிருக்கு! சப்ளை மேல தப்பே இல்லம்மா. இந்த போர்டு ஷார்ட்டாகி அத எந்திரிக்க விடாம அமுக்கிப் பிடிச்சிருக்கு. உருவுனதும் மூச்சு விட்டுடுச்சு. யாரு மூளை இது?”

கண்டுபிடித்தவள் நான்தான் என்று மூத்தவள் எந்த வாயால் சொல்வாள்? சின்னவளோ ஒரு தலையாட்டலில் நாற்காலியைத் தட்டிக்கொண்டு போகலாம்.

“நான் இல்ல மாமா” என்றாள் சின்னவள். “எனக்கு இது தோணவே இல்ல. அக்காதான் பண்ணியிருக்கணும்.”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! அவள் கைச்சுத்தத்தைப் பார்த்துப் பட்டதெல்லாம் ஒரு பொறாமையா? இந்த ‘நான் இல்ல’வைக் கேட்டபோது பட்டதுதான் பொறாமை.

போர்டில் ஷார்ட்டாகியிருந்த மிளகளவு கெப்பாசிட்டரை மாற்றியதும் திரையில் கோடு ஓடியது. மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காரும்மா. இத்தன நாளா உன்னை நான் சரியா கவனிக்கல.” மூத்தவள் உட்கார்ந்தாள்.

சின்னவள் ஸ்டூலை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். முகத்தில் ஒரு துளி வருத்தம் இல்லை.

“அக்கா, உள்ள அவ்வளவு பிளக் இருக்கு. அதுல இதுதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்களேன்.”

“நாளைக்குச் சொல்றேன்” என்றாள் மூத்தவள்.

நாளைக்கும் அவள் கேட்பாள்.