சிவப்பாக வடிந்த எண்ணெய்

பெரிய மாப்பிள்ளைக்குச் சின்ன மாப்பிள்ளையின் மேல் கோபம் எதுவும் கிடையாது. கோபப்பட அந்த மனிதர் இடமே கொடுக்கவில்லை என்பதுதான் கஷ்டம்.

பத்து வருடமாக மாமனார் வீட்டில் குழாய் ஒழுகினாலும் மின்விசிறி முனகினாலும் பெரிய மாப்பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள். சொந்தமாகச் சரக்கு வேன் ஓட்டுகிறவர். அந்த வேனுக்கு ஆயில் மாற்றுவதும் அவரேதான். "என் பெரிய மாப்பிள்ளை கை வெச்சா செத்த மெஷினும் எழுந்து உட்காரும்" என்று மாமனார் எதிர்வீட்டுக்காரரிடம் சொல்வார். அந்த ஒரு பேச்சு போதும், பெரிய மாப்பிள்ளை ஆறு மாதம் தலைநிமிர்ந்து நடப்பார்.

சின்ன மாப்பிள்ளை கார் வாங்கியதிலிருந்து அந்தப் பேச்சு நின்றுபோனது. ஒருவர் ஓட்டிய பழைய கார்தான். ஆனால் கியரே மாற்ற வேண்டாம், அதுவே மாற்றிக்கொள்ளும். "உட்கார்ந்தா தொட்டில் மாதிரி இருக்கு" என்று அதே எதிர்வீட்டுக்காரரிடம் மாமனார் சொன்னது பெரிய மாப்பிள்ளையின் காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து காலையில் சாமி கும்பிடும்போது, எல்லாரையும் நல்லா வை என்று ஒவ்வொரு முகமாக நினைத்து வருவார். சின்ன மாப்பிள்ளையின் முகம் வந்ததும் வேண்டுதல் அங்கேயே நின்றுவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் அந்தக் காரில் மலைமேல் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போவதாக இருந்தது. கிளம்பும் முன் ஆயில் மாற்ற வேண்டும், ஒர்க்‌ஷாப் மூடியிருக்கிறது என்றார் சின்ன மாப்பிள்ளை.

"ஒர்க்‌ஷாப் எதுக்கு? நான் இருக்கேனே" என்று பெரிய மாப்பிள்ளை சட்டையைக் கழற்றினார்.

"இந்த மாதிரி வண்டி நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று அவர் மனைவி கேட்டாள்.

"எந்த வண்டியா இருந்தா என்ன? அடியில ஒரு நட்டு, மேல ஒரு மூடி. அவ்வளவுதானே!"

ஜாக்கி வைத்துத் தூக்கி, முட்டுக் கொடுத்து, கீழே நுழைந்தார். கண்ணில் பட்ட முதல் நட்டைத் திருகினார். தட்டில் எண்ணெய் விழுந்தது. கருகருவென்று அல்ல, செக்கச் செவேல் என்று, சர்பத் மாதிரி.

அவருக்கு வயிறு எரிந்தது. 'என் வேனில் வடிகிற எண்ணெயைப் பார்த்தால் தார் தோற்றுவிடும். இவனுக்குப் பார், கழிவு எண்ணெய்கூட மினுமினுக்கிறது. கொடுத்துவைத்தவன்!'

பொறாமை ஒரு மனிதனைக் கெட்டவனாக்குவதற்கு முன் குருடனாக்கிவிடுகிறது. வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் அந்த நிறத்தைப் பார்த்ததும் அவர் கை நின்றிருக்கும்.

நட்டை இறுக்கினார். ஃபில்டர் புதிதாக மாற்றியது என்று சின்ன மாப்பிள்ளை சொல்லியிருந்ததால் அதைத் தொடவில்லை. மேலே வந்து இன்ஜினில் புது ஆயிலை ஊற்றினார். அளவு பார்க்கக் குச்சியை உருவினார். எண்ணெய், கோட்டைத் தாண்டி எங்கேயோ ஏறியிருந்தது. அதுவும் கறுப்பாக.

இன்ஜினின் பழைய எண்ணெய் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அப்படியானால் சிவப்பாக வடிந்தது கியர் பெட்டியின் எண்ணெய். காரை நகர்த்தினால் கியர் அரைபட்டுப் போகும்.

சுற்றிலும் யாருமில்லை. 'சொல்லாமல் இருந்தால்? பாதி வழியில் நிற்கும். பழைய கார், ஏமாந்துவிட்டான் என்பார்கள்.' அந்த நினைப்பு நாக்கில் வெல்லம்போல் இனித்தது.

"சகலை!" சின்ன மாப்பிள்ளை ஒரு கையில் டீயும் மறு கையில் மடித்த ஜமுக்காளமுமாக வந்தார். "வெறும் தரையிலயா படுத்திருந்தீங்க? முதுகெல்லாம் கல்லு குத்தியிருக்கு பாருங்க." டீயைக் கொடுத்துவிட்டு, அவர் முதுகில் ஒட்டியிருந்த சரளைக்கற்களைத் தன் உள்ளங்கையால் துடைத்துவிட்டார்.

பெரிய மாப்பிள்ளை டீயைக் கீழே வைத்தார்.

"சகலை, வண்டியை எடுக்காதீங்க. தப்பு பண்ணிட்டேன். கியர் ஆயிலை வடிச்சிட்டேன்."

சின்ன மாப்பிள்ளை தட்டையும் அவர் முகத்தையும் பார்த்தார். அதற்குள் மாமனார் வாசலுக்கு வந்துவிட்டார். "என்ன, கிளம்பலாமா?"

"இன்னிக்கு முடியாது மாமா" என்றார் சின்ன மாப்பிள்ளை. "நாங்க ரெண்டு பேரும் தப்பான நட்டைத் திறந்துட்டோம்."

ரெண்டு பேரும். அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள நல்ல நிழல் இருந்தது. எதிர்வீட்டுக்காரர்கூடத் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல மாமா" என்றார் பெரிய மாப்பிள்ளை, எதிர்வீட்டுக்காரருக்கும் கேட்கும்படியாக. "இவர் வீட்டுக்குள்ள இருந்தார். திறந்தது நான்தான்."

மாமனார் குனிந்து தட்டைப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, காருக்குப் பேதி மாத்திரை குடுத்துட்டீங்களா?"

முதலில் சிரித்தது பெரிய மாப்பிள்ளையின் மனைவி. பிறகு எல்லாரும். ஆச்சரியம், அவருக்கும் சிரிப்பு வந்தது. பயந்த அளவுக்கு வலிக்கவில்லை.

மற்றவர்கள் பஸ்ஸுக்குப் புறப்பட்டார்கள். கியர் எண்ணெய் ஊற்ற மறுநாள் வருவதாக மெக்கானிக் போனில் சொன்னார். இன்ஜினில் ஏற்றிய எண்ணெயையாவது இறக்கிவிடலாம் என்று பெரிய மாப்பிள்ளை மறுபடி கீழே நுழைந்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு சின்ன மாப்பிள்ளையும் பக்கத்தில் வந்து படுத்துத் தட்டைப் பிடித்தார்.

சரியான நட்டு கழன்றது. தார் மாதிரி ஊற்றியது.

"நல்ல கார் சகலை" என்றார் பெரிய மாப்பிள்ளை. வாங்கிய நாளிலிருந்து எல்லாரும் சொல்லி, அவர் மட்டும் சொல்லாமல் இருந்த வார்த்தை.

"முதல்ல ஓடட்டும் சகலை, அப்புறம் சொல்லுங்க" என்று சின்ன மாப்பிள்ளை சிரித்ததில், தட்டு ஆடி, ரெண்டு பேர் முகத்திலும் தெறித்தது.