பூசணிக்காய்க்கு மீசை

ஹாலோவீன் போட்டிக்குப் பூசணிக்காயில் பயமுறுத்தும் முகம் செய்துவர வேண்டும், கடையில் வாங்கக் கூடாது என்று பள்ளியிலிருந்து வந்த செய்தியை அறிவுச்செல்வி அப்படியே நம்பினாள். மகள் சத்யபிரியாவோடு உட்கார்ந்து, ஒரு வெள்ளைப் பூசணியில் உருட்டிய கண்ணும் முறுக்கு மீசையும் கோரைப் பல்லுமாக வரைந்து முடிக்க இரண்டு நாள் ஆனது.

போட்டியன்று மிஸ் அதை ஒற்றை விரலால் ஓரமாகத் தள்ளினார்.

"இது திருஷ்டிப் பூசணிங்க. இந்த மூடநம்பிக்கையெல்லாம் ஸ்கூலுக்குள்ள வேணாம்."

முதல் பரிசு ஆன்லைனில் வாங்கிய ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் பூசணிக்குப் போனது. அதன் அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைக்கூட யாரும் கிழிக்கவில்லை.

அறிவுச்செல்விக்குச் சுர்ரென்று ஏறியது. "எம்புள்ள கையால வரைஞ்சா மூடநம்பிக்கை, பிளாஸ்டிக்ல வந்தா மட்டும் படிப்பாக்கும்?" பூசணியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து இழுத்தபடி வாசலுக்கு நடந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா, செத்த நில்லுங்க" என்று மிஸ் பின்னாலேயே வந்தார்.

கேட் வளைவுக்கு அடியில் அறிவுச்செல்வி நின்றாள். பள்ளியின் பெயர்ப்பலகைக்கு மேலே, அதே உருட்டுக் கண்ணோடும் அதே முறுக்கு மீசையோடும் ஒரு வெள்ளைப் பூசணி கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"அப்ப மேல தொங்குறது யாரு மிஸ்?" என்றாள். "உங்க கரஸ்பாண்டன்ட்டா?"