ஆறு ஆபீசுக்கு வந்தது

செவ்வாய்க்கிழமை காலை ஆறு ஆபீசுக்கு வந்திருந்தது. பார்வையாளர் பெஞ்சில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், ஓரமாக உட்கார்ந்திருந்தது.

ஆய்வகத்து வனமாலி வந்து அமல்தாஸிடம் சொன்னாள்.

"சார், உங்களப் பாக்க ஆறு வந்திருக்கு."

"நான் லீவுன்னு சொல்லும்மா."

"சொன்னேன். பரவால்ல, இருக்கேன்னுச்சு."

அமல்தாஸ் நகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பொறுப்பாளர். போன வாரம் தொட்டிகளுக்குக் காற்று ஊதும் இயந்திரம் நின்றுபோனது. சாக்கடை தளும்பி வளாகத்துக்குள் வரப் பார்த்தது. அவர் ஆற்றுப் பக்கத்து மதகைத் திறந்து, எல்லாவற்றையும் அப்படியே ஆற்றில் விட்டார். மேலிடத்துக்குச் சொல்லவில்லை. ஆற்றோரத்து ஊர்களுக்கும் சொல்லவில்லை. மதகு இன்னும் திறந்தே கிடந்தது.

வேறு வழியில்லாமல் வெளியே வந்தார். ஆறு எழுந்து நின்றது. தரையெல்லாம் நுரை.

"காபி சொல்லட்டுங்களா?"

"வேணாம்ப்பா. வயிறு சரியில்ல."

அவருக்குக் காது சுட்டது. ஆறு அதைக் கவனிக்காததுபோல், "கொஞ்ச தூரம் கூட வர்றியா?" என்றது.

இருவரும் நடந்தார்கள். ஆய்வகத்தோடு முடிய வேண்டிய தாழ்வாரம் அன்று முடியவில்லை. அதற்கப்புறம் ஒரு தென்னந்தோப்பு வந்தது. பாலம் வந்தது. தலைக்குமேல் டியூப்லைட்டுகள் எரிந்துகொண்டே இருந்தன. பாலத்தடியில் நடக்கையில் எதிரே மீன்கள் மல்லாந்து மிதந்தன. அவற்றைச் சுற்றிப் போகும்படி ஆறு அவருக்குக் கை காட்டியது.

"எதுக்குத் தொறந்தேன்னு கேக்க மாட்டீங்களா?"

"எனக்குத்தான் தெரியுமே."

தாழ்வாரம் ஆற்றோரத்துச் செம்படவூரில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றது. செண்பகவல்லி என்ற பெண் ஆற்றுத் தண்ணீர் வரும் தெருக்குழாயில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் புருஷன் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

"நாலு நாளா இப்படித்தாங்க," என்றாள். "நீங்க யாரு?"

பதிலை ஆறு சொல்லிவிடும் என்று அமல்தாஸ் காத்திருந்தார். கடைசியில் அவரே சொன்னார்.

"மேல டவுன்ல சாக்கடையத் தொறந்து விட்டது நாந்தாம்மா."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முந்தானையால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"இம்மாந்தூரம் வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல உக்காருங்க."

திட்டுவாள் என்று நினைத்திருந்தவருக்கு அந்த ஸ்டூலில் உட்கார மனசு வரவில்லை. அவளே தோளைத் தொட்டு உட்கார வைத்தாள். குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு நீட்டினாள். தண்ணீர் கொஞ்சம் பழுப்பாக இருந்தது.

"போன் பண்ணி மதக மூடச் சொல்லிடறேம்மா."

"சொல்லுங்க. குடிச்சிட்டுச் சொல்லுங்க."

வனமாலியைக் கூப்பிட்டார். மூடச் சொன்னார். எல்லா ஊருக்கும் தகவல் சொல்லச் சொன்னார். எதற்கு என்று அவள் கேட்டாள். நான் பண்ணின தப்புக்கு என்றார். தொலைவில் மதகு இறங்கும் சத்தம் தாழ்வாரம் முழுக்க வந்தது.

செண்பகவல்லி சொம்பை இன்னும் நீட்டியபடியே நின்றாள். வாங்கிக்கொண்டார்.

அவர் குடித்து முடிக்கும்வரை ஆறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.