பொட்டலத்தை நீட்டுகிறவன்

எண்பத்திரண்டாம் வருசம் தஸ்தகீர் பாயின் மளிகைக் கடையில் எங்கள் பாக்கி நூற்று எண்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு. ஐப்பசியில் பிடித்த மழை விடாமல், மரம் வெட்டும் வேலை நின்றுபோனதில் ஏறியது. மலைமேல் செண்பகனூர் ரோட்டில் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் என் நடை தானாக வேகம் எடுக்கும்.

மாசியில், கடையில் பொட்டலம் மடித்தவர் பழனிக்குப் போய்த் தனிக்கடை போட்டுவிட்டார். டூரிஸ்டுகள் வரும் கோடை சீசனுக்குள் ஒரு ஆள் வேண்டும் என்றார் பாய். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சுப்பையா இருக்கானே பாய்."

சுப்பையா என் மனைவி ராக்கம்மாவின் தம்பி. வயது இருபத்தாறு. சிலோன் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்திலிருந்து எங்களோடு கப்பலேறி வந்தவன். புத்தி மெதுவாகப் போகும். இரண்டு மூன்று காரியம் சேர்ந்து வந்தால் கையை உதறிவிட்டு எழுந்துவிடுவான். நாங்கள் கூலிக்குப் போகிற நாளெல்லாம் வாசலில் உட்கார்ந்து டவுன் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பான். 'நமக்குப் பின்னாடி அவனுக்குன்னு ஒரு சோலி வேணுமுங்க' என்று ராக்கம்மா ஓயாமல் சொல்வாள்.

பாய் சிரித்தார். "பிச்சையா, அவன் வேட்டியையே நீதானப்பா கட்டி விடுற."

"அவனாக் கட்டுனா ரோட்டுல போறவுக கண்ணை மூடிக்கிடணும் பாய்."

"சரி, சித்திரைக் கடைசி வரைக்கும் பாக்குறேன். ஆகலேன்னா பாலசமுத்திரத்துலருந்து ஆளை வரச் சொல்லிருவேன்."

கடைக்குப் பின்னால் அவனை உட்கார வைத்துத் தொடங்கினேன். தாளை விரி, பருப்பைக் கொட்டு, இந்தப் பக்கம் மடி, நூலைச் சுற்று. பருப்பு தரையெல்லாம் ஓடியது. நான் கத்தினேன். அவன் தாளைக் கசக்கி என் மேல் எறிந்துவிட்டு வெளியே போனான். மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும்.

சத்தம் கேட்டு பாயின் மருமகள் ஷம்ஷாத் வந்தாள். கல்யாணத்துக்கு முன் மதுரையில், இப்படிப்பட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வேலை பார்த்தவள்.

"அண்ணே, நீங்களே எல்லாத்தையும் கட்டி முடிச்சிருங்க. அவர் எடுத்து நீட்டுனாப் போதும்."

"நீட்டுறதுல என்ன வித்தை கெடக்கு தாயி?"

"வித்தை இல்ல. வேலை முடிஞ்ச சந்தோசம் இருக்கு. மொதல்ல அது அவருக்குக் கெடைக்கட்டும். அப்புறம் நூலை அறுக்குறது, அதுக்கப்புறம் சுத்துறது. பின்னாலருந்து முன்னால வருவோம்."

எனக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன் நான். என்னை யாரும் கடைசி எழுத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லவில்லை. இருந்தாலும் ஒன்றைக் கட்டிக் கொடுத்தேன். சுப்பையா அதை இரண்டு கையாலும் வாங்கி, எதிரே நின்ற ராக்கம்மாவிடம் நீட்டி, "இந்தாங்க" என்றான். அவள் கோயிலில் பிரசாதம் வாங்குவது மாதிரி வாங்கினாள். அவன் சிரித்துவிட்டு, அடுத்ததற்காக என் பக்கம் கையை நீட்டினான்.

நூலைச் சுண்டி அறுக்கும்போது ஷம்ஷாத் முதலில் அவன் கையோடு கை வைத்தாள். பிறகு மணிக்கட்டை மட்டும் தொட்டாள். பிறகு தொடவே இல்லை. அப்படித் தொடாமல் இருப்பதுதான் எனக்கு ஆகாது. அவன் நூலைத் தேடித் தடவினால் என் விரல் முன்னால் போய் நிற்கும். ஷம்ஷாத் சிக்கு விழுந்த நூல்கண்டு ஒன்றை என் மடியில் போட்டாள்.

"இதைச் சிக்கெடுங்கண்ணே."

கையில் வேலை கொடுத்து என்னைக் கட்டிப் போட்டிருக்கிறாள் என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது.

சித்திரை முடிவதற்குள் சுண்டுவது, சுற்றுவது, மடிப்பது, கொட்டுவது எல்லாம் அவனுடையதாகிவிட்டது. தாளை அளவாகக் கிழித்து விரிக்கும் முதல் காரியம் மட்டும் என்னிடம் இருந்தது.

கெடு முடிகிற அன்று கடையில் டூரிஸ்ட் கூட்டம். பாய் கல்லாவில் சாய்ந்துகொண்டு, "ம், பாப்போம்" என்றார். நான் தாளை விரித்தேன். சுப்பையா துவரம்பருப்பைக் கொட்டி மடித்து, நூலைச் சுற்றி, நிதானமாகச் சுண்டினான்.

"வெரசாக் குடுப்பா, வண்டி நிக்குது" என்றார் எதிரே நின்ற வேன் டிரைவர். பின்னால் இருந்தவர்கள் முண்டினார்கள். சுப்பையா பொட்டலத்தைத் தூக்குவதற்குள் நான் பிடுங்கி டிரைவரிடம் நீட்டிவிட்டேன்.

அவன் கை அந்தரத்தில் நின்றது. பிறகு எட்டி, டிரைவரிடமிருந்து பொட்டலத்தைப் பறித்து, நூலை உருவிப் பிரித்தே விட்டான். பருப்பு தராசுத் தட்டில் கொட்டியது.

"என்னய்யா இது, வாங்குன சாமானைப் புடுங்குறான்?"

பாய் எழுந்தார். "போதும் பிச்சையா. கூட்டிக்கிட்டுப் போ."

நான் அவன் தோளைப் பிடிக்கப் போனேன்.

"தொடாதீங்கண்ணே!" உள்ளேயிருந்து ஷம்ஷாத்தின் குரல்.

இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டேன்.

சுப்பையா பழைய தாளைக் கசக்கி எறிந்தான். வெளியே போய்விடுவான் என்று நினைத்தேன். அவனோ என் பக்கத்தில் இருந்த பேப்பர் கட்டை இழுத்தான். ஒரு தாளை உருவி, நான் செய்வது போலவே முழங்காலில் வைத்து மடித்து, நகத்தால் நீவிக் கிழித்தான். கொஞ்சம் கோணல்தான். விரித்தான், கொட்டினான், மடித்தான், சுற்றினான், சுண்டினான். கூட்டத்தில் யாரும் முண்டவில்லை.

"இந்தாங்க."

டிரைவர் தயங்கித் தயங்கி வாங்கினார். "மறுபடி புடுங்குவியா, இல்ல நான் போகலாமா?"

"போங்க" என்றான் சுப்பையா, முதலாளி மாதிரி.

பாய் மறுபடி உட்கார்ந்து, அடுத்த ஆளைப் பார்த்து, "என்ன வேணும்?" என்றார்.

சம்பளத்தில் பாதி கைக்கு, பாதி பாக்கிக்கு என்று பேச்சு. ஆவணியில் பாக்கி எட்டு ரூபாய்க்கு வந்தது. ஒரு சனிக்கிழமை அந்த எட்டு ரூபாயைக் கல்லாவில் வைக்க அவசரமாகக் கையை நீட்டினேன். ராக்கம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏங்க, நீட்டுறது அவன் சோலியில்ல?"

ரூபாயைச் சுப்பையாவிடம் கொடுத்தேன். அவன் ஒரு தாளைக் கிழித்து, அதில் ரூபாயை வைத்து மடித்து, நூல் சுற்றிச் சுண்டி, பாயின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"ஏலே, இதை நான் வேற அவுக்கணுமா?" என்றார் பாய். அவிழ்க்கவில்லை. பொட்டலத்தை அப்படியே கல்லாவுக்குள் போட்டுவிட்டு, எங்கள் கணக்கின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தார்.