மாசிலாமணியின் வலது கை

1986ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்த மாசிலாமணியின் வலது கை மட்டும் மனந்திரும்பியது. மற்ற உடம்பு பழையபடியே இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, கருவாட்டுக் குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று மனைவி பஞ்சவர்ணத்தை அடிக்க ஓங்கினான். ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. இழுத்துப் பார்த்தான், இடது கையால் பிடித்துத் தொங்கியும் பார்த்தான், வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அது தானாக இறங்கி, அவள் தோளிலிருந்து சரிந்திருந்த முந்தானையை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டு, அவன் மடியில் வந்து படுத்துக்கொண்டது. சர்க்கரை கேட்டு வந்த பக்கத்து வீட்டு வனஜா வாசலில் நின்று இதைப் பார்த்தாள். மறுநாள் குழாயடியில் அரிசி விலையோடு சேர்த்து இதையும் சொன்னாள்.

மாசிலாமணி டாங்க் ஃபேக்டரியில் டர்னர். பிறந்ததிலிருந்து கிறிஸ்தவன், சின்ன வயதில் கோயிலில் முதல் வரிசையில் நின்று பாடியவன். எழுபத்தொன்பதில் பிறந்த ஆண் குழந்தை மஞ்சள் காமாலையில் போனது. குழிக்குள் மண்ணைத் தள்ளிவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டே, இனிமேல் என் வீட்டுப் பக்கம் வராதே என்று ஆண்டவரிடம் சொன்னான். ஆண்டவரும் வரவில்லை. பிராந்திக் கடையும் வீட்டில் அடிதடியும் அதற்குப் பிறகு வந்தவை. அடுத்துப் பிறந்த மகள் ராணி, அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள்.

மனந்திரும்பிய பிறகு கை பிராந்தி கிளாஸைத் தொடவில்லை. இடது கையால் எடுத்தால் வலது கை குறுக்கே வந்து வாங்கிக் கீழே ஊற்றியது. கூட்டாளி கஜபதியின் பேன்ட் இரண்டு தடவை நனைந்தது. அதற்குப் பிறகு அவன் கூப்பிடுவதை விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கை தானாகச் சலவைச் சட்டையை எடுத்து மாட்டி, பட்டன் போட்டுவிடும். அதோடு மல்லுக்கட்ட அலுத்துப்போய் மாசிலாமணி கோயிலுக்குப் போனான். பாட்டு நேரத்தில் அவன் கொட்டாவி விட, கை மட்டும் மேலே உயர்ந்து நின்றது. ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சபைக்கு முன்னால் சாட்சி சொல்லச் சொன்னார்கள். சொல்ல எதுவும் இல்லாமல் அவன் கையைக் காட்டினான், சபை கைதட்டியது. காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கள்ளிக்குப்பத்திலிருந்துகூடப் பெண்கள் வந்தார்கள். அந்தக் கை நெற்றியில் பட்டால் காய்ச்சல் இறங்கியது. கை வேலை செய்யும்போது அவன் ஜன்னல் வழியாக ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

வருஷங்கள் இப்படியே போயின. பஞ்சவர்ணம் காபி டம்ளரைக் கையிடம்தான் நீட்டினாள், ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் தீர்ந்துபோனதையும் அதைப் பார்த்துத்தான் சொன்னாள். ராணி பள்ளிக்கூடம் போகும்போது அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டாள். வெட்டுக்காயமோ சூடோ எது பட்டாலும் கையில் வலி தெரியவில்லை. ஊரெல்லாம் அவனை மாறிவிட்ட மனுஷன் என்றது. நல்லவனாக இருந்த இந்தக் காலம் குடித்துத் திரிந்த காலத்தைவிட அவனை அதிகமாகக் களைக்க வைத்தது. தன் வீட்டில் தான் ஒட்டுக்குடி இருப்பதாக அவனுக்குத் தோன்றியது.

தொண்ணூற்று நான்கில் ஒரு மத்தியானம் பாஸ்டர் ஆனந்தனைப் போய்ப் பார்த்தான். இந்தக் கையை ஆண்டவரிடம் சொல்லித் திருப்பி வாங்கித் தாருங்கள் என்று கேட்டான். எல்லாரும் கொடுக்கத்தான் வருவார்கள், திருப்பிக் கேட்டு வந்தது நீ ஒருத்தன்தான் என்று பாஸ்டர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. கை நல்லதுதான், அது நல்லதாக இருப்பதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை என்றான்.

பாஸ்டர் சிரிப்பை விட்டுவிட்டு, நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அவரு யாரோட கையையும் முறுக்கி இஸ்துகினு வர ஆளு இல்ல மாசிலாமணி. யாரோ கேட்டதால எடுத்து வச்சிருக்காரு. நீ கேட்டியா?"

"இல்ல பாஸ்டர்."

"அப்ப கேட்டவங்களப் போயிப் பாரு."

வீட்டில் பஞ்சவர்ணம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவன் கேட்டதும் மறைக்காமல் சொன்னாள். அந்த ஜூலை ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம் விழுந்த அடியில் அவளுக்கு இடது காது கேட்காமல் போயிருந்தது. அப்போது செய்த ஜெபம் அது.

"கைய மட்டும் எடுத்துக்கன்னு கேட்டேன். உன்னத் திருப்பிக் குடுன்னு கேக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

தன் கையைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி அவன் கேட்டான். கீரைக் காம்புகளை முறத்தின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, அத்தனை வருஷத்தில் முதல் முறையாகக் கையைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"குட்த்தா அடிப்பியா?"

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான். அது உண்மையா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"தெரியல," என்றான்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவன் சொன்னவற்றில் அது ஒன்றைத்தான் அவள் நம்பினாள். ஆனாலும் ஏமாற அவள் தயாராக இல்லை. முத்தாபுதுப்பேட்டையில் அண்ணன் தசரதன் வீட்டுக்கு ராணியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். "அங்க போயி ஜெபம் பண்றேன். கை வந்து சேந்துச்சுன்னா, அப்பால நீயாச்சு, அவராச்சு," என்றாள். பாஸ்டரும் அவளைத் தடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை லேத்தின் முன் நின்றபோது கை வந்து சேர்ந்தது. அத்தனை வருஷத்து வெட்டும் சூடும் ஒரே நேரத்தில் வலித்தன. அவன் தரையில் உட்கார்ந்து அழுதான். முதலுதவிக்காரர் காயத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கட்டுப் போட்டு அனுப்பினார். அன்று சாயங்காலமே அவன் பிராந்திக் கடைக்குப் போனான். கை கிளாஸை எடுத்தது, வாயில் வைத்தது, குடித்தான். மறுநாளும் போனான். யாரும் தடுக்கவில்லை. ஆளில்லாத வீட்டில் வந்து விழுந்தான். இதற்காகவா கேட்டு வாங்கினோம் என்று ஒவ்வொரு காலையும் கையைப் பார்த்து நினைத்தான், சாயங்காலம் மறுபடி போனான்.

ஒருநாள் கிளாஸை நிரப்பிவிட்டு, கை அதைக் கீழே ஊற்றும் என்று காத்திருந்தான். கை சும்மா இருந்தது. அது ஊற்றாது, யாரும் ஊற்ற மாட்டார்கள் என்பது புரிய அவனுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. புரிந்ததும் நாக்கு கேட்டது, தொண்டை கேட்டது. அதையும் மீறி, கிளாஸைத் தொடாமல் அவன் எழுந்து நின்றான்.

"இன்னா மாமே, கை மறுபடி ஆரம்பிச்சிருச்சா?" என்று கஜபதி பேன்ட்டை ஒதுக்கிக்கொண்டான்.

"கை இல்லடா. நாந்தான்," என்றான் மாசிலாமணி.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கால் போன பக்கம் நடந்து கல்லறைத் தோட்டத்தில் போய் நின்றான். பிள்ளையைப் புதைத்த இடத்தில் நெருஞ்சி படர்ந்திருந்தது. வராதே என்று சொன்னதே நான்தான், இப்போது வரச் சொல்கிறேன், இஷ்டம் இருந்தால் வா என்று சண்டைக்காரன் குரலிலேயே ஆண்டவரிடம் சொன்னான்.  திரும்பி நடக்கும்போது தான் தனியாகப் போகவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அதைப் பற்றி அதற்கு மேல் அவன் யாரிடமும் சொன்னதில்லை.

பஞ்சவர்ணம் உடனே வரவில்லை. குடித்ததையும், குடிக்காமல் எழுந்து வந்ததையும் அவன் தசரதன் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னான். அவள் தண்ணீர் கொடுத்து, பார்க்கலாம் என்றாள். காது போனதற்கு மன்னிப்புக் கேட்டபோது, கேட்காத அந்தக் காதுப் பக்கம் நின்று கேட்டான். அவள் திரும்பி, இந்தப் பக்கம் வந்து சொல் என்றாள். நடுவில் ஒரு தடவை சறுக்கிக் குடித்துவிட்டான். அதையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து சொன்னான். மழைக்காலம் போய் வெயில் காலமும் போய், பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் அவள் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

கை இப்போது எந்தக் காய்ச்சலையும் இறக்கவில்லை. கோயிலில் அதைத் தூக்கினால் தோள் வலித்தது, சீக்கிரம் இறக்கிக்கொண்டான். வனஜாவுக்கு இதில் வருத்தம்தான். குவார்ட்டர்ஸ்காரர்கள் பிள்ளைகளின் வயதைச் சொல்லும்போது, கை மனந்திரும்பிய வருஷம் பிறந்தது, கை திரும்பி வந்த வருஷம் பிறந்தது என்று சொல்லிவந்தார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள்கூட விளக்கம் கேட்கவில்லை.

பஞ்சவர்ணம் திரும்பி வந்த அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, ஜெபம் நான் பண்ணுகிறேன் என்றான் மாசிலாமணி. ராணி அம்மாவைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடி ஆரம்பித்தான். இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. மீதி வார்த்தைகள் பஞ்சவர்ணத்துக்குத் தெரியும். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. ஈயை விரட்டிக்கொண்டு, தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். சோறு ஆறியது. பக்கத்து வீட்டில் ரேடியோ பாடி முடித்துச் செய்தி ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் அவன் மூன்றாவது வார்த்தையைச் சொன்னான்.